80 டி-ஷர்ட் விற்றோம், காசு எங்கே போனது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் இசைக்குழு. நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். போன மாதம் ஒரு நிகழ்ச்சியில் ஒரே இரவில் 80 டி-ஷர்ட் விற்றோம். மேசையைச் சுற்றி அவ்வளவு கூட்டம். ஆனால் எல்லாம் கழித்து என் கைக்கு வந்ததைப் பார்த்தபோது, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே தோன்றியது. அரங்கம் விற்பனையில் கால் பங்கு எடுத்துக்கொண்டது, அதுவும் அன்று மாலைதான் எங்களுக்குத் தெரிந்தது. மேனேஜருக்கு 15 சதவீதம். டி-ஷர்ட் அடிக்க முதல் போட்ட எங்கள் பாடகர், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார். முதுகில் அச்சாகியிருக்கும் பாடல் வரி தான் எழுதியது என்பதால் கூடுதல் பங்கும் வேண்டும் என்கிறார். இரண்டு வருடம் முன்பு விலகிய கிட்டாரிஸ்ட், "குழுவின் பெயரில் எனக்கும் பாத்தியதை உண்டு" என்று பங்கு கேட்கிறார், எனக்கு இது பேராசையாகப் படுகிறது. இதற்கு நடுவில் ஒரு மெர்ச் நிறுவனம் (மெர்ச் என்றால் டி-ஷர்ட் போலக் குழுவின் பெயரில் விற்கும் பொருள்கள்), அட்வான்ஸ் தருகிறோம், மற்றதை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது. படம் வரைந்து கொடுத்த நண்பர் மட்டும்தான் இதுவரை எதுவும் கேட்கவில்லை. உண்மையில் இந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டியது?

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை இரண்டு முறை பார்த்தேன். யாரும் திருடவில்லை. அது ஒரு ஆறுதல்தான், ஆனால் சின்ன ஆறுதல். திருட்டு என்றால் ஒரு ஆளைப் பிடித்தால் முடிந்துவிடும். உங்கள் விஷயத்தில் எல்லோரும் முறைப்படியே எடுத்திருக்கிறார்கள். முறைதான் உங்களுக்குப் பாதகமாக இருக்கிறது.

இசைக்குழுக்களுக்குக் கணக்குப் பார்ப்பதும், நிகழ்ச்சி முடிந்த இரவில் அரங்கத்தோடு உட்கார்ந்து கணக்கு முடிப்பதும்தான் நெடுங்காலமாக என் வேலை. உங்களைப் போன்றவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. பணத்தை மறந்துவிடுங்கள், டி-ஷர்ட்டாகவே எண்ணிப் பாருங்கள். அன்று விற்ற 80 சட்டைகளும் மடித்து உங்கள் முன்னால் மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம், மிச்சம்தான் இது.

முதலில் அரங்கத்துக்காரர் வந்து 20 சட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார். வெறும் சட்டைக்கும் அச்சுக்கும் 24. மேனேஜருக்கு 12. மேசையில் நின்று விற்ற பெண்ணுக்கு 5. கார்டு கட்டணத்துக்கு 2. பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கிய செலவுக்கு 3. அச்சு பிசகியது, மழையில் நனைந்தது, அளவு சரியில்லாமல் தேங்கியது, இவற்றுக்கெல்லாம் 4. கூட்டிப் பாருங்கள், 70 ஆகிறது. மேசையில் மிஞ்சுவது 10. நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை டி-ஷர்ட்.

80 விற்ற இரவில் உங்கள் பங்கு இரண்டரை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை இதுதான். கடைசியில் நிற்பவர்கள் நீங்கள் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் கணக்கு உறுதி. அச்சகத்துக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் காசு. அரங்கத்துக்கு விற்ற ஒவ்வொன்றிலும் காசு. உங்களுக்கு மட்டும்தான் "மிஞ்சினால்".

இதில் உடனே மாற்றக்கூடியது மேனேஜரின் 12. உங்கள் ஒப்பந்தத்தில் "வருவாயில் 15 சதவீதம்" என்று மட்டும் இருக்கிறது. எந்த வருவாய்? மொத்த விற்பனையா, செலவு போக மிஞ்சியதா? அதைச் சொல்லவில்லை. மேனேஜர்கள் 15 முதல் 20 சதவீதம் வரை கமிஷன் வாங்குவது உலக வழக்கம், அதில் குறை இல்லை. ஆனால் மெர்ச்சில் மொத்த விற்பனையின்மேல் கணக்குப் போடுவது சரியில்லை. மேடைச் சம்பளம் போல இது முழுதாகக் கைக்கு வரும் பணம் அல்ல. பாதிக்கு மேல் செலவு உள்ள வியாபாரம். மேனேஜர் பங்கை எடுப்பதற்கு முன், செலவு போக 22 சட்டை மிஞ்சுகிறது, அதில் 15 சதவீதம் என்று மாற்றினால் அவருக்கு மூன்று சட்டைக்குச் சற்று அதிகம், உங்களுக்கு ஆளுக்கு நாலரைக்கு மேல். ஒரு வார்த்தையைத் தெளிவாக்கியதில் உங்கள் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நல்ல மேனேஜராக இருந்தால் இந்தக் கணக்கைக் காட்டியதும் ஒத்துக்கொள்வார். நான் பார்த்தவர்களில் பலரும் ஒத்துக்கொண்டார்கள். பலருக்கு அதுவரை யாரும் இப்படிக் கணக்கு போட்டுக் காட்டியதே இல்லை.

அரங்கத்தின் 20 சட்டைதான் என்னைப் பல வருடமாக உறுத்துவது. மேனேஜர் கணக்கைத் திருத்திய பிறகும் நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து எடுப்பது 19-ஐத் தொடவில்லை, அரங்கம் மட்டும் 20. சட்டை அவர்கள் அடித்ததல்ல, பெட்டி அவர்கள் தூக்கியதல்ல, விற்க ஆளும் உங்களுடையது. ஒரு மேசை போட இடம் கொடுத்தார்கள். இதற்குத்தான் 15 முதல் 30 சதவீதம் வரை பல ஊர்களில் கேட்கிறார்கள். அதுவும் மொத்த விற்பனையின் மேல், லாபத்தின் மேல் அல்ல.

இது உங்கள் ஒருவரின் புகாரும் அல்ல. பிரிட்டனில் ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் என்ற கலைஞர்கள் அமைப்பு, மெர்ச்சில் ஒரு காசும் கழிக்காத அரங்குகளின் பட்டியலை 2022 ஜனவரியில் வெளியிட ஆரம்பித்தது. 'தி சார்லட்டன்ஸ்' குழுவின் பாடகர் டிம் பர்ஜெஸ் அதற்கு முன்னின்றார். 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் டிக்கெட் வியாபாரம் பற்றிய விசாரணை நடந்தபோது, 'லாரன்ஸ்' என்ற குழுவின் கிளைடு லாரன்ஸ் மெர்ச் கழிவையும், அதாவது விற்பனையில் அரங்கம் எடுக்கும் பங்கையும், சேர்த்தே பேசினார். அதே ஆண்டு செப்டம்பரில், இசை நிகழ்ச்சிகளையும் அரங்குகளையும் நடத்தும் பெரிய நிறுவனமான லைவ் நேஷன் தன் சிறிய கிளப் அளவிலான அரங்குகளில் மெர்ச் கழிவு வாங்குவதில்லை என்று அறிவித்தது. அதற்கு அமெரிக்காவின் தனியார் சிறு அரங்குகளின் சங்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. பெரிய நிறுவனம் இதை விட்டுக்கொடுத்தும் தாக்குப்பிடிக்கும், எங்களைப் போன்ற சின்ன அரங்குகள் என்ன செய்யும் என்பது அவர்கள் வாதம். அதையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். 200 பேர் நிற்கும் இடத்தை நடத்துகிறவருக்கு வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாம் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் அதற்கான காசை நேராக வாடகையாகக் கேட்கட்டும், முதல் போட்டவரின் சட்டையிலிருந்து ஏன் எடுக்க வேண்டும் என்பதுதான் என் நிலை.

சரி, நடைமுறைக்கு வருவோம். கழிவு எவ்வளவு என்பது உங்களுக்கு நிகழ்ச்சி அன்று மாலைதான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தோற்றீர்கள். இதை நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போதே கேட்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு மேடை, மெர்ச் கழிவு எவ்வளவு, மூன்றையும் ஒரே மூச்சில் கேளுங்கள். அப்போது 25 என்றால் 15 என்று பேச இடம் இருக்கும். வாசல் திறந்து கூட்டம் உள்ளே வந்த பிறகு பேச ஒன்றும் இல்லை. 15-க்கு இறங்கினால் அவர்கள் எடுப்பது 12 சட்டை. மேனேஜர் கணக்கும் திருந்தியிருந்தால் உங்கள் பங்கு ஆளுக்கு ஆறுக்கு மேல். ஒரு சட்டைகூட அதிகமாக விற்காமல் இரண்டரை ஆறாகிறது.

இன்னும் சில விஷயங்கள். வரி நீக்கிய தொகையில்தான் சதவீதம் போட வேண்டும், சில இடங்களில் வரியோடு சேர்த்துப் போடுகிறார்கள். கார்டு கட்டணத்தையும் முதலில் கழிக்கச் சொல்லுங்கள். இசைத்தட்டு, சிடி போன்றவற்றுக்குத் துணியைவிடக் குறைந்த சதவீதம் வைப்பது பல அரங்குகளில் வழக்கம், நீங்கள் கேட்காவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போட்டுவிடுவார்கள். விற்க ஆள் நாங்கள் தருகிறோம் என்று அரங்கம் சொன்னால் சதவீதம் ஏறும். உங்கள் ஆளையே நிறுத்துங்கள், அதில் வேறு நன்மையும் இருக்கிறது. பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி மேசையில் நின்றால் விற்பனையே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், எண்ணுவது. இதை நான் அனுபவப்பட்டுக் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரிய அரங்கில், மாலையில் பெட்டிகளை இறக்கியபோது அவசரத்தில் அரங்கத்தின் ஆள் எண்ணி எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். உள்ளே வந்தது 214 என்று அவர் எழுதியிருந்தார். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு குழல்விளக்கின் கீழே இரண்டு பேரும் எஞ்சியதை எண்ணினோம். பாக்கி 90. அப்படியானால் விற்றது 124 என்றார் அவர். கல்லாவில் இருந்ததோ 112 சட்டைக்கான பணம். 12 சட்டை எங்கே? ஒரு பெட்டியில் 36 இருக்கும் என்று நினைத்து அவர் எழுதியிருக்கிறார், இருந்தது 24. ஆனால் கையெழுத்து என்னுடையது. விற்காத 12 சட்டைக்கு அன்று கழிவு கொடுத்தோம். அந்தக் குழுவின் டிரம்மர் பெட்டிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, அளவு வாரியாக, எதிராளியை வைத்துக்கொண்டே எண்ணுகிறேன். வந்தது, போனது, இலவசமாகக் கொடுத்தது, மிச்சம். நான்கு கட்டம் போட்ட ஒரு தாள் போதும். இலவசமாகக் கொடுத்ததை எழுத மறந்தால் அதுவும் விற்றதாகவே கணக்காகும்.

இந்தத் தாளிலிருந்து இன்னொரு எண்ணும் கிடைக்கும். அன்றைய மொத்த விற்பனையை வந்திருந்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு என்று வரும். இந்தத் தொழிலில் எல்லோரும் பேசுவது அந்த எண்ணைத்தான். அடுத்த நிகழ்ச்சிக்கு எத்தனை அடிப்பது என்பதும் மெர்ச் நிறுவனத்தோடு பேரம் பேசுவதும் அதை வைத்துத்தான்.

பாடகர் விஷயம் எளிது. அவர் போட்ட முதல், குழுவுக்கு அவர் கொடுத்த கடன். கடன் முதலில் திரும்ப வேண்டும், அதைக் கேட்பதில் தவறே இல்லை. 24 சட்டை அச்சுச் செலவுக்குப் போனது என்றேனே, அது அவர் கைக்குத்தான் போக வேண்டும். விற்காமல் தேங்கிய ஸ்டாக்குக்கு அவர் போட்டதையும் குழுதான் ஏற்க வேண்டும். ஏனென்றால் லாபம் வந்தால் நான்கு பங்கு, நஷ்டம் மட்டும் ஒருவருக்கு என்று இருக்க முடியாது. இனிமேல் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த அச்சுக்கு அதையே முதலாகப் போடுங்கள். ஒருவரின் பையிலிருந்து நடக்கும் வியாபாரம் ஒரு நாள் அவருடைய வியாபாரமாகவே ஆகிவிடும்.

முதுகில் இருக்கும் வரிக்கு அவர் கூடுதல் கேட்பதைப் பற்றி: பாட்டு எழுதியதற்கான ராயல்டி வேறு, மெர்ச் வேறு. டி-ஷர்ட் விற்பது குழுவின் பெயருக்காக. ஆனால் பாடல் வரியை அச்சடிப்பது காப்புரிமை உள்ள எழுத்தைப் பயன்படுத்துவதுதான், எழுதியவரின் அனுமதி வேண்டும். பாட்டைப் பதிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் அனுமதி வேண்டும். ஆல்பம் அட்டைப்படத்தை டி-ஷர்ட்டில் போடுவதும் அப்படித்தான், பல ஒப்பந்தங்களில் அட்டைப்படம் ரெக்கார்டு கம்பெனிக்குச் சொந்தம். உங்களிடம் பாட்டு இன்னும் பாடகர் கையிலேயே இருக்கிறது. அந்த ஒரு டிசைனுக்கு ஒரு சின்னத் தொகையைப் பேசி முடியுங்கள். அவர் மேடையில் நடுவில் நிற்பதால் எல்லா மெர்ச்சிலும் கூடுதல் பங்கு என்று மட்டும் போகாதீர்கள். இரண்டாக உடைந்த குழுக்களில் பலவற்றில் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

விலகிப்போன கிட்டாரிஸ்ட் கேட்பதை நீங்கள் பேராசை என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் சேர்ந்து வாசிக்கும் நான்கு பேரைப் பல நாட்டுச் சட்டங்கள் கூட்டாளிகள் என்றே பார்க்கும். இங்கிலாந்தில் 'சாக்சன்' என்ற ஹெவி மெட்டல் குழுவுக்கு இது நடந்தது. விலகிய இரண்டு பேர் குழுவின் பெயரைத் தங்கள் பெயரில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டார்கள். பாடகர் பிஃப் பைஃபோர்டு நீதிமன்றம் போனார். பெயரும் அதன் மதிப்பும் கூட்டு வியாபாரத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு அல்ல, விலகியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று 2003-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் கூட்டு கலைந்த நாளில் இருந்த சொத்தில் அவர்களுக்குப் பங்கு கேட்க உரிமை இருக்கலாம் என்பதும் அதே தர்க்கத்தின் மறுபக்கம்.

இதை உங்களுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். அவர் விலகிய நாளில் பெட்டியில் எத்தனை சட்டை இருந்தது, அதில் போட்ட பணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அதற்குக் கணக்குத் தீர்த்துவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் அடித்து நீங்கள் விற்றதில் பங்கு என்பது, என் கருத்தில், நியாயமில்லை. ஒரு விதிவிலக்கு: இப்போதும் விற்கும் டிசைன் எதிலாவது அவர் முகம் இருக்கிறதா? இருந்தால் அவரைக் கேட்காமல் இன்னொரு முறை அச்சடிக்காதீர்கள். முகம் தனி விஷயம். பிரிட்டனின் டாப்ஷாப் துணிக்கடைகள் பாடகி ரியானாவின் படம் போட்ட டி-ஷர்ட்டை விற்றபோது புகைப்படக்காரரிடம் முறையாக உரிமம் வாங்கித்தான் விற்றன. ரியானாவிடம் கேட்கவில்லை. அவரே ஒப்புதல் தந்த சட்டை என்று மக்கள் நம்பி வாங்குவார்கள் என்ற காரணத்தால் 2013-ல் ரியானா வழக்கில் ஜெயித்தார், 2015-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. படம் எடுத்தவருக்கு ஒரு உரிமை, படத்தில் இருப்பவருக்கு இன்னொன்று. ஒன்றை வாங்கினால் மற்றது கூடவே வராது. பெயரை நான்கு பேரின் கூட்டுப் பெயரிலோ, நீங்கள் தொடங்கும் நிறுவனத்தின் பெயரிலோ டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள். உடைகளுக்கு 25-ஆம் வகுப்பு, மேடை நிகழ்ச்சிகளுக்கு 41. பல நாடுகள் பின்பற்றும் பொது வகைப்பாடு அது. இரண்டிலும் போடுங்கள்.

இப்போது மெர்ச் நிறுவனம் நீட்டும் அட்வான்ஸ். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் பீட்டில்ஸ் நினைவுக்கு வருவார்கள். 1963-ன் இறுதியில் அவர்கள் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன், பொருள் விற்கும் உரிமையைக் கவனிக்க ஒரு நிறுவனத்தை அனுமதித்தார். அதன் பெயர் செல்டேப். பீட்டில்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் அதுதான் வரும். ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கு 90 சதவீதம், பீட்டில்ஸ் தரப்புக்கு 10. உலகமே விக், பொம்மை, தகர டப்பா என்று அவர்கள் பெயர் போட்ட எதையும் வாங்கிக் குவித்த நேரம் அது. பிறகு விழித்துக்கொண்டு ஒப்பந்தத்தை மாற்றினார்கள், வழக்குகள் கிளம்பின, அந்தக் குழப்பத்தில் பெரிய கடைகள் ஆர்டர்களை ரத்து செய்தன. எப்ஸ்டீன் கெட்டவர் அல்ல, அந்த நால்வருக்காக உயிரையே கொடுத்த மனிதர். பொம்மையும் விக்கும் இவ்வளவு பணமாகும் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது, தலைக்கு எவ்வளவு என்ற எண் உங்கள் கையிலேயே இருக்கும்.

மெர்ச் நிறுவனம் அனுப்பிய இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் பார்த்தேன். "கலைஞர்களுக்கு 70 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எதில் 70 என்று தேடினால் நான்காவது பத்தியில் இருக்கிறது: அரங்கக் கழிவு, தயாரிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் சம்பளம், "இதர செலவுகள்" போக மிஞ்சியதில் 70. நம் மேசையில் செலவு போக 22 சட்டை மிஞ்சியது, அதில் 70 சதவீதம் 15 சட்டை. மேனேஜர் பங்கு அதற்கும் பிறகு. தயாரிப்புச் செலவையும் அவர்களே சொல்வார்கள், அதில் அவர்கள் லாபம் ஒளிந்திருந்தால் 22 என்பது 18 ஆகிவிடும். இதர செலவுகள் என்ற சொல்லை வெட்டச் சொல்லுங்கள், தயாரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் 70 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அட்வான்ஸ் என்பது பரிசு அல்ல, உங்கள் பங்கிலிருந்து அவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் பணம். பிடித்து முடிக்கும் வரை உங்களுக்கு ஒன்றும் வராது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் இதைவிடக் கடுமையாக இரண்டு நிபந்தனை இருக்கிறது. ஒன்று, குறிப்பிட்ட எண்ணிக்கையில் டிக்கெட் வாங்கியவர்கள் முன் வாசிக்காவிட்டால் பாக்கி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவருக்குக் கை ஒடிந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு, அட்வான்ஸ் தீரும் வரை ஒப்பந்தம் முடியாது. மூன்று வருடம் என்று மேலே எழுதியிருப்பது அப்போது வெறும் எழுத்துதான். "மூன்று வருடம், அல்லது பாக்கியைத் திருப்பிக் கட்டிவிட்டு வெளியேறலாம்" என்று மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, பெரிய மெர்ச் நிறுவனங்கள் சில ரெக்கார்டு கம்பெனிகளின் குழுமத்திலேயே இருக்கின்றன. பிரவாடோ என்ற நிறுவனம் யுனிவர்சல் மியூசிக்கினுடையது. 2002-ல் பாடகர் ராபி வில்லியம்ஸ் இஎம்ஐ என்ற ரெக்கார்டு கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, பாட்டு மட்டுமல்லாமல் மேடை, மெர்ச் வருமானத்திலும் ரெக்கார்டு கம்பெனி பங்கு கேட்பது பரவலாகிவிட்டது. நாளை உங்களுக்கு அப்படி ஒன்று வந்தால், பாட்டுக் கணக்கில் பாக்கி நிற்கும் கடனை டி-ஷர்ட் காசில் பிடிக்கும் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மறுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த நிறுவனம் இப்போது உங்களுக்குத் தேவையில்லை. ஒரு இரவில் 80 விற்கும் குழுவால் தானே அடித்துத் தானே விற்க முடியும். இணையத்தில் விற்றால் அரங்கக் கழிவே கிடையாது. பேண்ட்கேம்ப் போன்ற தளங்கள் பொருள்களுக்கு 10 சதவீதமும் பணம் செலுத்தும் கட்டணமும்தான் எடுக்கின்றன. பொட்டலம் கட்டித் தபாலில் போடும் வேலைதான் அலுப்பு. ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல் நிகழ்ச்சி, நான்கைந்து நாடு என்று போகும்போது நிறுவனத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போது பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எதுவும் கேட்காத ஒருவர் இருக்கிறார். படம் வரைந்த நண்பர். எனக்கு அதிகக் கவலை அவரைப் பற்றித்தான். எழுதிக் கொடுக்காத வரை அந்தப் படத்தின் காப்புரிமை பெரும்பாலான நாடுகளில் அவருடையது. நட்பாகக் கொடுத்தது உங்களுக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான், அதன் எல்லை என்ன என்று யாருக்கும் தெரியாது. 100 சட்டை வரையா, ஆயிரம் வரையா? நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் "இந்த டிசைன்கள் எங்களுக்கே சொந்தம்" என்று நீங்கள் உறுதி கொடுக்கும் வரி ஒன்று இருக்கிறது. இன்றைய நிலையில் அதில் கையெழுத்துப் போட்டால் பொய்யில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் நாக்கும் உதடும் சின்னத்தை உலகம் முழுக்கத் தெரியும். 1970-ல் அதை வரைந்த ஜான் பாஷ் அப்போது லண்டனில் கலைக் கல்லூரி மாணவர். கொடுத்தது 50 பவுண்டு. இரண்டு வருடம் கழித்து நன்றியாக இன்னும் 200. அவரிடம் உரிமை மிச்சம் இருந்ததால் ஒரு காலம் வரை ராயல்டி வந்தது, 1980-களில் காப்புரிமையை 26,000 பவுண்டுக்குக் குழுவுக்கே விற்றார். அந்தச் சின்னம் அதன் பிறகு எத்தனை கோடிச் சட்டைகளில் ஏறியிருக்கும்! 'ரமோன்ஸ்' குழுவின் கதை வேறு. அவர்களுடைய கழுகு முத்திரையை வரைந்த ஆர்ட்டுரோ வேகா வரைந்துவிட்டுப் போகவில்லை. குழுவோடு வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய், மேடை விளக்கும் பார்த்து, டி-ஷர்ட் மேசையையும் அவரே பார்த்துக்கொண்டார். வானொலியில் பெரிதாக ஓடாத அந்தக் குழுவுக்கு வண்டி ஓட வைத்தது அந்த மேசைதான்.

உங்கள் நண்பர் எந்த மாதிரி என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு தொகை கொடுத்து உரிமையை எழுதி வாங்கலாம். அல்லது விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் இவ்வளவு என்று பேசலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன், விற்றால் அவருக்கும் சந்தோஷம். எது என்றாலும் அரைப் பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து. இதுவரை விற்றதற்கும் சேர்த்து ஒரு தொகை. அந்த 10 சட்டையில் ஒன்றாவது அவருடையது என்று நான் நினைக்கிறேன். மேனேஜரிடம் பேசுவதற்கு முன், நிறுவனத்துக்குப் பதில் போடுவதற்கு முன், இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். போகும்போது அந்த டி-ஷர்ட் ஒன்றை, அவர் அளவில், கொண்டுபோங்கள். அவரிடம் ஒன்று இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.